குழாய்க்குள் பூப்போட்ட துணி

மெக்கானிக்குக்குப் பட்டப்பெயர் ‘சுத்தம்’. இருபத்தாறு வருடமாக டீசல் வண்டிகளோடு மல்லுக்கட்டியும் அவர் நகக்கண்ணில் கறுப்பைப் பார்க்க முடியாது. பட்டறைச் சுவரில் ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் உருவம் வரைந்திருக்கும். ஒன்று இடம் மாறித் தொங்கினாலும் அவருக்குச் சோறு இறங்காது. எந்தக் குழாயைக் கழற்றினாலும் தூசு போகாமல் அதன் வாயில் துணியைத் திணித்துவிடுவார். அந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டு வருகிறவர்களுக்குக் காது புளித்துவிட்டது.

அப்பேர்ப்பட்டவரை அவருடைய சொந்த அக்காவின் வேன் மூன்று வாரமாகப் பாடாய்ப் படுத்தியது. அக்கா பதினோரு வருடமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பாலம் ஏறும்போது டாஷ்போர்டில் விளக்கு எரியும், இழுவை செத்துப்போகும். பின்னால் ஹாரன், உள்ளே பதினான்கு பிள்ளைகளின் கூச்சல். ஸ்கேனரை மாட்டினால் ஒரே பல்லவிதான்: புகையின் அழுத்தத்தை அளக்கும் எக்ஸாஸ்ட் பிரஷர் சென்சார் கோளாறு.

சென்சாரை மாற்றினார். மறுபடி அதே விளக்கு. இன்னொன்று மாற்றினார், வயரை முழம் முழமாகச் சோதித்தார். சென்சார் விற்றவனைத் திட்டினார், வண்டி செய்தவனைத் திட்டினார். திட்ட ஆள் தீர்ந்துபோய் அக்காவிடம் வந்தார்.

“வண்டியில ஒண்ணுமில்லக்கா. பாலத்துல நீ கியர் மாத்துற லட்சணம்தான் காரணம்.”

அக்கா அன்று வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாள் கழித்து, மத்தியானம் வேனைக் கொண்டுவந்து விட்டுச் சாவியை மேசைமேல் வைத்தாள்.

“ஸ்கூல்ல எழுதிக் குடுத்துட்டேன். இனி ஓட்டல. பிள்ளைங்க உசிருடா. எனக்கே என் கை மேல நம்பிக்கை போயிடுச்சு.”

அவருக்குச் சுருக்கென்றது. மறுபடி ஸ்கேனரை மாட்டினார். இன்ஜின் ஓடாதபோது பிரஷர் பூஜ்யம், சரிதான். ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை மிதித்தார். ஏற வேண்டிய எண் இம்மியும் அசையவில்லை. அப்படியானால் புகையின் அழுத்தம் சென்சார்வரை வந்தே சேரவில்லை. நடுவில் இருப்பது விரல் பருமனுள்ள ஓர் இரும்புக் குழாய் மட்டும். அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதல் நாளே தன் கையால் கரி நீக்கிய குழாயாயிற்றே!

குழாயைச் சென்சாரோடு இணைக்கும் ரப்பர் ஹோஸைக் கழற்றி, குழாய்க்குள் கம்பியை விட்டார். மெத்தென்று எதுவோ தட்டியது. இடுக்கியால் இழுத்தார். துணி. ஓரமெல்லாம் கரி, நடுவில் மஞ்சள் பூ. குழாயைச் சுத்தம் செய்த கையோடு அவர் திணித்ததுதான். புதுச் சென்சாரை எடுத்துவரப் போனவர், திரும்பி வந்து அதன் மேலேயே ஹோஸை மாட்டியிருக்கிறார். தன்மேல் வந்த எரிச்சலில் அவருக்கு முகமெல்லாம் சுட்டது.

கரி அடைத்திருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாருக்கும் தெரியாது. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

“என் வேலைதான்க்கா. உன் கையில ஒரு குத்தமும் இல்ல.”

அக்கா துணியை விரித்தாள். “இது நான் வாங்கிக் குடுத்த சட்டை. தொலைஞ்சு போச்சுன்னு சொன்னியே.”

அவர் சுவரிலிருந்த ஸ்பானர்களைப் பார்த்தார்.

ஹோஸை மாட்டி முடித்ததும் அக்கா சாவியை எடுத்தாள். “ஏறு வண்டியில. ஸ்கூல் ஆபீஸ் மூடுறதுக்குள்ள போகணும். நான் குடுத்த லெட்டரை நீதான் கேட்டு வாங்கப் போற. துணியை எடுத்துக்க.”

பாலத்தில் அக்கா கியர் மாற்றினாள். விளக்கு எரியவில்லை, வேன் குலுங்காமல் ஏறியது. அவர் துணியை மடியில் வைத்து ஓரம் பிசகாமல் மடித்துக்கொண்டிருந்தார்.