கிரிம்பிங் டூல் வாங்கப் போன இரண்டு பேர்

போன செவ்வாய்க்கிழமை காவிரிப் பாலத்தில் என் காரின் ஹாரன் ஊமையாகிவிட்டது.

முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றச் சட்டென்று நின்றது. ஹாரனை அழுத்தினேன். சத்தமே இல்லை. பிரேக்கை மிதித்து, கண்ணாடியை இறக்கி, "கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க" என்று சொந்தக் குரலில் கத்த வேண்டியதாயிற்று. அறுபது வயதில் இது தேவையா?

ஸ்ரீரங்கத்தில் வீட்டு வாசலுக்கு வந்து பானெட்டைத் திறந்து பார்த்தால்... ஹாரனுக்குப் போகும் ஒயரின் நுனியில் டெர்மினலே இல்லை. டெர்மினல் என்றால், ஒயரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் சின்னப் பித்தளைத் துண்டு. மெக்கானிக் வெறும் செம்பை முறுக்கிச் செருகி, மேலே டேப்பைச் சுற்றிவிட்டிருந்தார். ஆறு மாதத்தில் இது மூன்றாவது முறை. இந்தத் தடவை நானே சரிசெய்வது என்று முடிவெடுத்தேன்.

சிரிக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் எழுத வருவதற்கு ரொம்ப முன்னால், துவாக்குடியில் வண்டிகளுக்கு ஒயர் செட் தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் மூன்று வருடம் வேலை பார்த்தவள் நான். ஒயர் நுனியைச் சீவி, டெர்மினலில் வைத்து, கிரிம்பிங் டூலால் அழுத்துவது – காலையிலிருந்து மாலைவரை இதுதான் வேலை.

சரி, டூல் வேண்டும். எது வாங்குவது? ஜெசிந்தாவைத்தான் கேட்க வேண்டும். எனக்கு அடுத்த மேஜையில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்தவள். நான் ஓடிவந்துவிட்டேன், அவள் ரிட்டயர் ஆகும்வரை அங்கேயே இருந்தாள். பாலக்கரையில் வீடு. போன் செய்தேன்.

"தனியா போயிடாத. உனக்கு எதையாவது தலையில கட்டிருவாங்க. இரு, நானும் வரேன்" என்றாள்.

மறுநாள் காலை அவள் தெருவுக்குப் பக்கத்துக் கடை. கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது, சிவப்பு, நீலம், மஞ்சள் புள்ளி வைத்த குறடு மாதிரி ஒன்று.

"கார் வேலைக்கு எல்லாரும் இதைத்தாம்மா வாங்கிட்டுப் போறாங்க."

ஜெசிந்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது பிளாஸ்டிக் உறை போட்ட டெர்மினலுக்குங்க. இவ காருக்கு வேண்டியது வெறும் பித்தளை. ரெண்டு ஜோடி இறக்கை இருக்கும். ஒண்ணு செம்பைப் பிடிக்கணும், இன்னொண்ணு ஒயரோட மேல் உறையைப் பிடிக்கணும். இதுல அமுக்கினா இறக்கை மடங்காது... நசுங்கிடும்."

கடைக்காரர் எங்கள் இருவரையும் ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு, உள்ளே போய் வேறொன்று கொண்டுவந்தார். ராட்செட் வைத்த டூல். ஜெசிந்தா ஒரு துண்டு ஒயர் கேட்டு வாங்கி, டெர்மினலை வைத்து அழுத்தினாள்.

கிட்... கிட்... கிட்...

அந்தச் சத்தம் இருக்கிறதே – ஒரு நிமிடம் நான் கடையிலேயே இல்லை. இருபது மேஜை, இருபது கிட் கிட். பஸ்ஸில் இடம் பிடிக்க ஜெசிந்தா ஜன்னல் வழியாகப் போட்ட கைக்குட்டை. அவள் டிபன் பாக்ஸில் மீன் குழம்பு இருக்கும் நாளில், முகத்தைத் திருப்பிக்கொண்டு நான் சாப்பிடும் எலுமிச்சை சாதம். முப்பத்தைந்து வருடம் ஆகிவிட்டது.

ராட்செட்டின் குணம், முழுதாக அழுத்தும்வரை பிடியை விடாது. ஆனால் கைப்பிடி நடுவில் ஒரு குட்டி லீவர் உண்டு. எங்காவது சிக்கிக்கொண்டால் விடுவிப்பதற்கு. அதைத் தட்டினால் பாதியிலேயே திறந்துவிடும். வேலை சீக்கிரம் முடியும். பார்வைக்கும் குறை தெரியாது. பிடி மட்டும் பாதிதான்.

அந்த லீவரால் எனக்கு வந்த வினை ஒன்று உண்டு.

ஒருநாள் கம்பெனிக்கு ஒரு பெட்டி திரும்பி வந்தது. டெர்மினல் கழன்று வருகிறதாம். ஒவ்வொரு டூலும் அழுத்தும் இடத்தில் தன் எண்ணைப் பதிக்கும். அதில் பதிந்திருந்தது என் டூலின் எண். சீக்கிரம் முடித்து முந்தின பஸ்ஸைப் பிடிக்க, அந்த வாரம் முழுக்க நான் லீவரைத் தட்டியிருந்தேன்.

சூப்பர்வைசர் எல்லோரையும் நிறுத்தி, "யார் செஞ்சது இது?" என்றார். வேலை போனால் மறுநாளே வீட்டில் கல்யாணப் பேச்சு ஆரம்பித்துவிடும். வாயைத் திறந்தேன்... குரல் வரவில்லை.

ஜெசிந்தா முன்னால் வந்தாள். "நான்தான் சார். மத்தியானத்துல அவ டூலை வாங்கி நான் வேலை பார்த்தேன்." டூலை வாங்கியது உண்மைதான்; ஆனால் லீவரைத் தட்டியவள் நானல்லவா?

அவளை பேக்கிங்கிற்கு மாற்றினார்கள். கிரிம்பிங்கில் கம்பெனியிலேயே நல்ல கை அவளுடையது. ஆறு மாதம் அட்டைப்பெட்டி ஒட்டினாள். அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

கடையில், டூலைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்டேவிட்டேன். "ஜெசி... அன்னிக்கு என் தப்பை நீ ஏன் ஏத்துக்கிட்ட?"

"எந்தத் தப்பு?"

லீவர் விஷயத்தைச் சொன்னேன்.

"நீயும் தட்டினியா?"

"நீயும்னா?"

"நானும்தான்டி. என் டூல் ரிப்பேர்ல கிடந்துச்சு. உன்னுதை வாங்கினப்பல்லாம் லீவரைத் தட்டித்தான் முடிச்சேன். நம்பர் உன்னுது. நீ என் பேரைச் சொல்லியிருக்கலாம். சொல்லாம நின்ன. என்னைக் காப்பாத்தத்தான் நீ நிக்கிறன்னு நினைச்சேன். மனசு கேக்கல... முன்னாடி வந்துட்டேன்."

"நான் பயத்துல நின்னேன் ஜெசி."

"எனக்கு எப்படித் தெரியும்?"

இருவரும் சிரிக்க ஆரம்பித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. கடைக்காரர் தயங்கித் தயங்கி, "இதையே பேக் பண்ணிரட்டுமாம்மா?" என்றார்.

அவள் வீட்டு வாசலில் காரை நிறுத்தி வேலையை முடித்தோம். அவள் ஒயரைப் பிடித்துக்கொள்ள, நான் அழுத்தினேன் – அதுவாகத் திறக்கும்வரை. அவள் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. ஹாரனை அழுத்தினேன். பாலக்கரையே திரும்பிப் பார்த்தது.

என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி பகல் பார்க்காமல் துணையிருந்தவள் ஜெசிந்தா. அவள் கணவருக்கு ஆபரேஷன் நடந்த அன்று, தியேட்டர் வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். எனக்காகப் பழி சுமந்தவள் என்று நான் அவளையும், தன்னைக் காட்டிக்கொடுக்காதவள் என்று அவள் என்னையும் தப்பாக நினைத்துக்கொண்டே இத்தனை வருடம் ஓடியிருக்கிறது. அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

உண்மை அன்றைக்கே தெரிந்திருந்தால்... இரண்டு பேரையுமே பேக்கிங்கிற்கு அனுப்பியிருப்பார்கள், அவ்வளவுதான்.