மரத்தலைக்குப் போட்ட வாய்க்கரிசி

பேய், பிசாசு, ஏவல் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மறைமலைநகரில் வளர்ந்து, நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து, எது தப்பாக ஓடினாலும் அதற்கொரு காரணம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன். இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் கம்பெனி என்னை ஹாலந்துக்கு அனுப்பியது. மனைவி சுமதியும் கூட வந்தாள். அவள் சதுரங்கப்பட்டினத்துக்காரி. அங்கே அவளுடைய அம்மாவும் அண்ணன் குணாவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். நாங்கள் போன கொஞ்ச நாளில் அம்மா இறந்துபோனார். அதை குணா மச்சான் எங்களுக்கு எப்போது சொன்னார் தெரியுமா? பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு. "அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்து அலைய வாணாம்னுதான் சொல்லல" என்றார் போனில். வீடு அம்மா பேரில் இருந்தது, தங்கை வந்து நின்றால் பங்குப் பேச்சு வரும், அவ்வளவுதான் விஷயம். பச்சைத் துரோகம். இப்போது நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

சுமதி வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "எங்கம்மா மொகத்தப் பாக்க வுடல. ஒரு புடி வாய்க்கரிசி போட வுடல." இதையே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். சமைப்பாள், எனக்குப் போடுவாள், தான் சாப்பிட மாட்டாள்.

மனசு கொஞ்சம் மாறட்டுமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த ஊர் வரலாற்று மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருகிற மியூசியம் இல்லை அது. எதையும் தொடலாம், அமுக்கலாம், இழுக்கலாம். ஒரு சுவர் முழுக்க உலகப் படம், அந்த ஊர்க் கப்பல்கள் போய்வந்த துறைமுகம் ஒன்றைத் தொட்டால் கீழே ஒரு இழுப்பறையில் விளக்கு எரியும், திறந்தால் அங்கிருந்து வந்த சரக்கின் மாதிரி இருக்கும். சுமதி 'சத்ராஸ்' என்ற பெயரைத் தொட்டுவிட்டு அப்படியே நின்றாள். நம் சதுரங்கப்பட்டினத்துக்கு டச்சுக்காரன் வைத்த பெயர்தான், ஊரில் இடிந்து கிடக்கிற கோட்டையும் அவன் கட்டியதுதானே. இழுப்பறையில் ஒரு பக்கம் துணி, ஒரு பக்கம் அரிசி.

எதிரே பழைய காலத்து மருந்துக்கடை ஒன்றை அமைத்திருந்தார்கள். அதன் வாசலில் ஒரு மரத்தலை. தலைப்பாகை, கறுத்த முகம், மீசை, ஆவென்று பிளந்த வாய். அந்தக் காலத்தில் மருந்துக்கடைக்கு அதுதான் அடையாளமாம். நாக்கை அமுக்கினால் ஊர்க்கதை பேசும். பிள்ளைகள் அமுக்கி அமுக்கிச் சிரித்துக்கொண்டிருந்தன. நானும் சிரித்தேன், ஏனென்றால் அது அசப்பில் குணா மச்சான் மாதிரியே இருந்தது.

சுமதி சிரிக்கவில்லை. பிள்ளைகள் நகர்ந்ததும் இழுப்பறையில் கைவிட்டு ஒரு பிடி அரிசி அள்ளினாள். விரலிடுக்கில் நாலு மணி தரையில் சிந்தியதை என் கண்ணால் பார்த்தேன். நேரே போய் அந்த வாயில் போட்டாள்.

"இது உனக்குத்தாண்டா" என்றாள். கத்தவில்லை, சோறு பரிமாறுகிற குரலில்தான் சொன்னாள். நாக்கில் கை பட்டால் பேச வேண்டிய தலை பேசவே இல்லை.

யாராவது வந்து திட்டப் போகிறார்களே என்று, அரிசியை எடுக்க நான் அந்த வாய்க்குள் விரலை விட்டேன். ஒரு மணி கூட இல்லை. விழுங்க ஓட்டையும் இல்லை, விரல் பாதி போவதற்குள் மரம் முட்டியது. குனிந்து தரையைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. இழுப்பறைக்கு ஓடினேன். நம்பினால் நம்புங்கள், அங்கே இருந்த அரிசி மொத்தமும் பலகையோடு பசை போட்டு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், பெயரவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தால் போன் அடிக்கிறது. மச்சானின் மனைவி, அழுகையோடு. "ராத்திரி சாப்பாட்டுக்கு ஒக்காந்தாரு சுமதி, வாயத் தொறந்தவரு மூட முடியாம கீறாரு, பேச்சும் வரல, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறோம்."

"சரி அண்ணி" என்று போனை வைத்தவள், அம்மா போனதிலிருந்து முதல்முறையாகத் தட்டு நிறையச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

தாடை எலும்பு விலகியிருக்கிறது, இது சகஜம்தான் என்று டாக்டர் சரிசெய்து அனுப்பிவிட்டார். நானும் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். தாடை யாருக்கும் விலகும், அதிலென்ன.

அடுத்த வருடம் ஊருக்கு வந்தோம். மச்சான் பாதி உடம்பாகியிருந்தார். மியூசியத்தில் நடந்ததை நாங்கள் யாரிடமும் மூச்சுவிடவில்லை, சத்தியம். அவர் நேரே வந்து சுமதியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா போட்ட என் வாயில? துப்பினா வரல, முழுங்கினா எறங்கல. எது துன்னாலும் பச்சரிசியாவே கீது. வூட்ட வேணா எழுதித் தரேன், எடுத்துடு சுமதி."

சுமதி கையை உருவிக்கொண்டாள்.

"அம்மா மொகத்தக் காட்டு. எடுக்கறேன்."

இப்போதும் கல்யாணம் காதுகுத்து என்று போனால் அவரைப் பார்க்கிறேன். பந்தியில் உட்கார்ந்து மென்றுகொண்டே இருப்பார். பக்கத்தில் இருந்தால் நறுக் நறுக்கென்று கேட்கும். இலையில் இன்னும் சோறு விழுந்திருக்காது.