அக்கா மேல் போட்ட பழி

மூன்று வருடங்களுக்கு முன்பு சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெஷின் பழுது பார்க்கும் வேலையில் இருந்தேன். கல்யாணப் பத்திரிகை அட்டையில் பூ வேலைப்பாடு வெட்டும் சின்ன லேசர் மெஷினை நாமே செய்தால் என்ன என்று எனக்கொரு ஆசை. முதலாளியும் சம்மதித்தார்.

அதில் லேசர் ஒளியைத் தரும் டையோடு ரொம்ப நோஞ்சான். கொஞ்சம் கூடுதலாகக் கரண்ட் பாய்ந்தாலும் செத்துவிடும். அதனால் கரண்டை அளந்து கொடுக்கும் ரெகுலேட்டர் பெட்டி ஒன்றை நானே பார்ட்ஸ் வாங்கிச் செய்தேன்.

ஒருநாள் மதிய இடைவேளையில் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ரெகுலேட்டரின் சுவிட்சைப் போட்டேன். பிறகு டையோடைச் சொருகினேன். ஒரு மின்னு மின்னி அணைந்துபோனது.

முதலாளி என் முகத்தையே பார்த்தார். எனக்கு அவமானம் தாங்கவில்லை. காலையில் பைண்டிங் பகுதியில் வேலை பார்க்கும் அக்கா, ரெகுலேட்டர் இருந்த மேசையைத் துடைத்தது ஞாபகம் வந்தது.

"இதுல கையை வச்சீகளாக்கா? உங்க கை பட்டுத்தான் போயிருக்கு."

"மேசையைத் தொடச்சேன் தம்பி. பெட்டியைக் கொஞ்சம் நகத்தி வச்சேன், அம்புட்டுதான்" என்றவர், அழுதுவிட்டார்.

அவர் முன்பு எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலையில் இருந்தவர். அங்கே ஒரு விபத்தைப் பார்த்தபின், தன் கை தவறி யாருக்கும் ஏதும் ஆகிவிடுமோ என்று பயந்துதான் அச்சகத்துக்கு வந்தார். இரண்டே வாரத்தில் இந்த வேலையையும் விட்டுவிட்டார்.

பல மாதம் கழித்து, சாதாரண எல்.இ.டி. பல்பை வைத்து அந்த ரெகுலேட்டரைச் சோதித்தேன். பல்பைச் சொருகிவிட்டு சுவிட்சைப் போட்டால் ஒழுங்காக எரிந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டுச் சொருகினால், உள்ளே கெப்பாசிட்டரில் தேங்கிய கரண்ட் மொத்தமும் பாய்ந்து பல்பு போய்விட்டது. அன்று நான் செய்ததும் இதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்போ என் கையால போகலையா தம்பி?" என்று இரண்டு முறை கேட்டார். "வீட்ல மிக்சி சுவிட்சைத் தொடக்கூடப் பயந்துக்கிட்டு மகளைத்தான் கூப்பிடுறேன்."

மறுபடி வேலைக்குக் கூப்பிட்டேன். "அங்கன வேண்டாம் தம்பி. நீங்க காப்பி சாப்பிடுங்க" என்றார்.

மறுநாள் அச்சகத்தில் எல்லோரிடமும் உண்மையைச் சொன்னேன். பாதிப்பேர் புதியவர்கள், மற்றவர்களுக்கு அது மறந்தே போயிருந்தது. தெரியாமல் செய்த தவறை நானும் மறந்திருப்பேன். அவருடைய பயம் தெரிந்திருந்தும் அந்த வார்த்தையைச் சொன்னேனே, அதுதான் இன்றும் உறுத்துகிறது.