மதிலோரம் பன்னிரண்டாம் எண்

என் அக்காவின் கணவர் முப்பத்தைந்து வருடம் தபால்காரராக இருந்தவர். ஒரு கடிதத்தைக்கூட வீடு மாற்றிப் போட்டதில்லை என்பார்; அதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது. ஓய்வு பெற்றதும் மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். கல்லறைத் தோட்டத்து அலுவலகத்தில் போய் உட்கார்ந்து, கரையான் தின்ற பதிவேடுகளைப் பார்த்து எழுத ஆரம்பித்தார்.

காரணம் இருந்தது. நான்கு வயதில் அம்மாவைப் பறிகொடுத்தவர். எங்கே புதைத்தார்கள் என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. மூன்றாவது மாதம் பெயர் அகப்பட்டது: 'மதிலோரம், வாசலிலிருந்து எண் 12.' அது கல் வைக்க வசதியில்லாதவர்களின் இடம். ஒரே வரிசையில் நாற்பது குழிகள். வாசலிலிருந்து எண்ணிப் பன்னிரண்டாவதில் அத்தான் கல் நட்டார். அதன்பின் ஞாயிறு காலை என்றால் அவரை அங்கேதான் பிடிக்கலாம்.

அதோடு விட்டாரா? கேட்டவர்களுக்கெல்லாம் தேடிக் கொடுப்பதே வேலையாகிவிட்டது. மதிலோரத்தில் மட்டும் ஆறு குடும்பங்களுக்கு இடம் காட்டினார். அதில் ஒருவர் தையலக்கா. எழுபதைத் தாண்டிய முட்டிவலிக்காரர். அவருடைய அப்பா இருபத்தொன்பதாம் எண். ஞாயிறுதோறும் இருவரும் ஆளுக்கொரு கல்லருகே உட்கார்ந்திருந்துவிட்டு, கிளம்பும்போது கையசைத்துக்கொள்வார்கள்.

ஒன்று மட்டும் அத்தானை அரித்தது. "அங்க உட்கார்ந்தா சுருட்டு வாடை வருதுடா."

"உங்கம்மா பிடிச்சாங்களோ என்னவோ, யாரு கண்டா?" என்பேன் நான்.

அவர் சிரிக்கமாட்டார். சுற்றிலும் பார்த்திருக்கிறார்; ஈ காக்கை கிடையாது. "அம்மா இருக்கற மாதிரியே இல்லடா. வேற யாரோ என்னைப் பார்த்துட்டிருக்காங்க" என்று ஒருநாள் சொன்னபோது எனக்கு முதுகு சில்லிட்டது. வெளிக்காட்டிக்கொள்ளவில்லை.

ஐந்து வருடம் போனது. சென்ற மாதம் அலுவலக எழுத்தர் பீரோவை ஒழித்தபோது கிடைத்த பழைய வரைபடத்தை அத்தானிடம் கொடுத்தார். அதில் வாசல் மதிலின் மறுகோடியில் இருந்தது.

"ரோடு போட்டப்ப இந்தப் பக்கம் மாத்திட்டாங்க சார். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

அன்று அத்தான் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. மறுகோடியிலிருந்து எண்ணினால் பன்னிரண்டாவது, தையலக்கா நட்ட கல். இருபத்தொன்பதாவது, இவர் நட்டது. இத்தனை நாள் அந்தம்மாவின் அப்பாவிடம் இவரும், இவருடைய அம்மாவிடம் அந்தம்மாவும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்.

"அந்தம்மாகிட்ட சொல்லாம விட்டுடுங்க. இந்த வயசுல தாங்கமாட்டாங்க" என்றாள் என் அக்கா.

"அட்ரஸ் தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படிம்மா சும்மா இருக்கறது?"

மற்ற குடும்பங்களுக்குக் கடிதம் எழுதிப் போட்டார். தையலக்காவிடம் மட்டும் நேரில் சொல்ல, ஞாயிறு காலை கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். குடையை எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன்.

கேட்டுவிட்டுத் தையலக்கா, தான் நட்ட கல்லைத் தடவிப் பார்த்தார். பிறகு, "எங்கப்பா உங்களை என்ன பண்ணினார் தம்பி?" என்றார்.

"ஒண்ணும் பண்ணலக்கா. சுருட்டு வாடைதான் வரும்."

அவர் கை வாய்க்குப் போனது. "அவர் சுருட்டு பிடிப்பார்னு நான் சொன்னதே இல்லையே."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"எனக்கு இங்க உட்கார்ந்தா கண்ணைச் சொக்கும் தம்பி. யாரோ முதுகைத் தட்டிக் குடுக்கற மாதிரி இருக்கும். எங்கப்பா அடிச்சுத்தான் பழக்கம். செத்தப்புறம் திருந்திட்டார்னு நெனச்சு, எல்லாத்தையும் மன்னிச்சுட்டேனே!"

அத்தான் தையலக்கா நட்ட கல்லருகே உட்கார்ந்து அதில் சாய்ந்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டார். முகத்தில் வெயில் பட்டது. குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிண்டல் செய்ய ஒன்றும் தோன்றவில்லை, அழுகைதான் வந்தது.

"நீங்க அப்பாகிட்டப் போகலையா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"காத்துக்கிட்டிருக்கட்டும்" என்று தையலக்கா கல்லின் மறுபக்கம் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் சுருட்டு வாடை வந்தது. இந்த முறை எனக்கே வந்தது. மதிலோரம் முழுக்க ஆள் இல்லை. தையலக்கா அந்தப் பக்கம் பார்க்காமலே உட்கார்ந்திருந்தார். வாடை போகவில்லை. கடைசியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வரேன், இருங்க" என்று சொல்லிக்கொண்டே அத்தானின் கல்லை நோக்கி நடந்தார்.