இரண்டு அந்தோணி, ஒரு செட்

துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் கம்பெனிக்கு நான் எழுதிய கேட் பாஸ் புரோகிராம் இன்று காலை ஓடத் தொடங்கியது.

தொழிலாளர்களுக்கென்றே ஜாவா மொழியில் ஒரு செட் கிளாஸ், அதாவது ஆள் பட்டியல் மாதிரி ஒன்று, எழுதியிருந்தேன். தொழிலாளியைத் தவிர வேறெதையும் உள்ளே விடாது. ஒரே ஆளை இரண்டு முறை சேர்க்காது. எனக்கு ஏகப்பட்ட பெருமை.

ராயபுரம் அந்தோணி உள்ளே போனார். அடுத்து வந்த கொருக்குப்பேட்டை அந்தோணியின் பாஸ் நம்பர் பட்டியலில் இல்லை. வாட்ச்மேன் தடுத்துவிட்டார்.

கொருக்குப்பேட்டைக்காரர் நேராக என் மேசைக்கு வந்தார். "இன்னா சார், பதினாறு வருசமா வந்துகினு கீறேன். இன்னிக்கு நான் ஆளே இல்லியா?"

பார்த்தால், இருவருக்கும் அப்பா பெயர் சூசை. பெயரும் அப்பா பெயரும் ஒன்றானால் ஆளும் ஒன்றுதான் என்று எழுதியவன் நானேதான். அதனால் இரண்டாவது அந்தோணியைச் செட் சேர்க்கவே இல்லை.

சத்தம் கேட்டு ராயபுரத்தார் திரும்பி வந்தார். "கம்ப்யூட்டருக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதானே நைனா? என் மூட்டையையும் இவனே தூக்கட்டும். நான் வூட்டுக்குப் போறேன்."

வரிசையே சிரித்தது. கொருக்குப்பேட்டைக்காரர் சிரிக்கவில்லை. அவருக்கு ஒரு நாள் வேலை போய்விடும்.

பாஸ் நம்பரை வைத்து ஒப்பிடும்படி அவசரமாக மாற்றினேன். கேட் திறந்தது.

உள்ளே போகும்போது கொருக்குப்பேட்டைக்காரர் சொன்னார்: "எங்க அப்பன் பேரு சரியாத்தான் கீது சார். உன் புரோகிராம்தான் கலீஜு."

என் டீம் லீடர்கூட இவ்வளவு துல்லியமாக ரிவ்யூ செய்ததில்லை. புரோகிராம் எழுதுபவர்களே, உங்கள் செட் இதுவரை யாரையெல்லாம் விழுங்கியிருக்கிறது? வெட்கப்படாமல் சொல்லுங்கள்.