முதல் பிரசவம் எங்கே?

இந்த வாரம் என் முட்டியைப் பற்றித்தான் எழுதுவதாக இருந்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு எப்படி நடக்கிறீர்கள் என்று விசாரித்தவர்களுக்கு ஒரே வரியில் பதில்: நடக்கிறேன், கைத்தடியோடு. போதும், என் முட்டி பிழைத்துப் போகட்டும். வேறு விஷயம் இருக்கிறது.

என்னை நடக்க வைத்தவளைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது!

அவள் பெயர் ஷெஃபாலி. உண்மைப் பெயர் இல்லை. இங்கே வரும் எல்லாருக்கும் பெயர் மாற்றியிருக்கிறேன். கொல்கத்தாவில் வீட்டில் நோயாளி இருந்தால் 'ஆயா சென்டரு'க்கு ஒரு போன் போட்டால் போதும், பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அனுப்பி வைப்பார்கள். அப்படித்தான் டாக்குரியாவில் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தாள். "மாஷிமா, மாஷிமா" என்று சித்தி முறை வைத்து வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டே காலை மடக்கச் சொல்லி உயிரை எடுப்பாள். ஊர் இங்கே வங்காளத்திலேயே பஷீர்ஹாட் பக்கம் என்றாள். நாலு வயதில் துலி என்று ஒரு மகள். புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ கிளம்பிப் போயிருந்தான். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. வேலை சுத்தம், நமக்கு வேறென்ன வேண்டும்?

இதற்கு நடுவில் என் அக்கா மகள் வித்யா ஓய்வெடுக்க என் வீட்டுக்கு வந்தாள். கருக்கலைப்பு செய்துகொண்டிருந்தாள். அவளைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுது சித்தி, இதுல ஒளிச்சு வைக்க என்ன இருக்கு?" என்றாள். ஏற்கெனவே ஒரு பையன். இன்னொன்று இப்போது வேண்டாம் என்று அவளும் மாப்பிள்ளையும் சேர்ந்து எடுத்த முடிவு. கரியாஹாட் பக்கம் ஒரு நர்சிங் ஹோம். ஏ.சி. ரூம், சிரித்த முகமாக ஒரு லேடி டாக்டர். காலையில் போனாள், சாயங்காலம் வந்துவிட்டாள். ஏன் எதற்கு என்று யாரும் குடையவில்லை. போலீசா? பேச்சே கிடையாது.

வெந்நீர்ப் பை கொண்டுவந்து கொடுத்த ஷெஃபாலி, கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டே வித்யாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "தீதி... இதை யாரு வேணும்னாலும் செஞ்சுக்கலாமா?"

அப்போதுதான் தெரிந்தது, அவளும் முழுகாமல் இருக்கிறாள் என்று. வயிறு தெரிய ஆரம்பித்தால் ஆயா சென்டரில் வேலை கொடுக்க மாட்டார்கள். வேலை போனால் துலிக்குச் சோறு யார் போடுவது?

வித்யா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். "தாராளமா செஞ்சுக்கலாம்! அதுக்குத்தான் சட்டம் இருக்கே. சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போ, ஃப்ரீயா பண்ணுவாங்க. புருஷன் கையெழுத்துகூடத் தேவையில்லை!" பெங்காலியில் பொழிந்து தள்ளினாள். அவளுக்குத் தமிழைவிட அதுதான் சரளம். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். சட்டம் அப்படித்தானே சொல்கிறது?

ஷெஃபாலி போனாள். "கூட்டமா இருந்தது மாஷிமா, அப்புறம் போறேன்" என்று திரும்பி வந்தாள். கூட்டம் இல்லை, ஆதார் இல்லை. கவுன்டரில் ஆதார் கேட்டிருக்கிறார்கள். இவளிடம் கிடையாது. அவ்வளவுதான், நகரு நகரு, அடுத்த ஆள்... இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த கதை. எங்களிடம் சொல்லக் கூச்சமோ பயமோ, நேராக ஒரு மருந்துக்கடையில் போய் மாத்திரை வாங்கி முழுங்கியிருக்கிறாள்.

ஒருநாள் காலையில் ஆள் வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு ஆயா சென்டருக்கு அடித்தேன். அங்கிருக்கும் அம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஷெஃபாலியைப் போலீஸ் கூட்டிட்டுப் போயிடுச்சு, தீதி. பாங்களாதேஷியாம்! எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டோம். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க. வேற பொண்ணு அனுப்பட்டுமா?"

குழாய் ரிப்பேருக்கு வேறு ஆள் அனுப்புவது மாதிரி கேட்கிறாள்! போனை வைத்துவிட்டேன்.

வித்யாவையும் கைத்தடியையும் பிடித்துக்கொண்டு அலிப்பூர் கோர்ட்டுக்குப் போனேன். தெரிந்தவர் மூலம் ஒரு வக்கீலையும் பிடித்தோம். வராந்தாவில் இரண்டு பெண் போலீசுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள் ஷெஃபாலி. என் எண்பது கிலோ உடம்பை அலட்சியமாகத் தூக்கி உட்கார வைத்தவள், சுவரில் சாய்ந்து கிடந்தாள். முகத்தில் பொட்டு ரத்தம் இல்லை.

"ரத்தம் நிக்கவே இல்லை மாஷிமா. செத்துடுவேன்னு பயந்துட்டேன். செத்துட்டா துலிக்கு யாரு? அதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் கேட்டாங்க... முதல் பிரசவம் எங்கே, சிசேரியனா, அப்ப ரத்தம் ஏத்தினாங்களான்னு. சாத்கீரான்னு சொல்லிட்டேன்."

சாத்கீரா எல்லைக்கு அந்தப் பக்கம், பங்களாதேஷில் இருக்கிறது.

பொய் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? எப்படிச் சொல்லுவாள்? எத்தனையோ நோயாளிகளின் படுக்கை ஓரத்தில் நின்று, டாக்டர் கேட்டால் உள்ளது உள்ளபடி ஒப்பித்தே பழகியவள். அக்கம்பக்கத்தில் ஆயிரம் பேரிடம் பஷீர்ஹாட் என்று சொன்ன வாய், டாக்டரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டது.

முதல் பிரசவம் எங்கே... பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணிடமும் கேட்கிற கேள்வி. என்னிடம் கேட்டிருக்கிறார்கள், வித்யாவிடமும் கேட்டார்கள். உயிரைக் காப்பாற்றக் கேட்கிற கேள்வி அது. காப்பாற்றியும் விட்டார்கள், அந்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வார்டில் யார் காதிலோ விழுந்து, அது ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் போலீஸ் அவுட்போஸ்ட் வரை போய்விட்டது. எழுந்து நடக்கத் தெம்பு வந்த அன்றைக்கே கட்டிலருகே போலீஸ்!

"வெளிநாட்டவர் சட்டம் மேடம், ஜாமீன் கஷ்டம்" என்றார் வக்கீல். "கருவைக் கலைச்சதுக்கு இன்னொரு செக்‌ஷனும் சேர்ப்பாங்க போலிருக்கு."

"அதுதான் சட்டப்படி செய்யலாமே!" வித்யா சீறினாள்.

"டாக்டர் மூலமா செஞ்சா சரி. தானே மாத்திரை முழுங்கினா அந்தப் பொண்ணும் குற்றவாளிதான்."

"டாக்டர்கிட்ட போனாளே! துரத்திவிட்டாங்களே!"

"துரத்தினதுக்கு அத்தாட்சி இருக்கா?" என்றார் அவர். வித்யாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "நானும் இதைத்தானே சித்தி செஞ்சேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

கள்ளத்தனமாக எல்லை தாண்டியவளுக்கு வக்காலத்தா என்று சில பேர் கொதித்து எழுதுவீர்கள், தெரியும். தாண்டினது தப்புதான். விசாரிக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் ரத்தப் பெருக்கோடு வந்து விழுந்தவள், உயிர் பிழைக்கச் சொன்ன பதிலை எடுத்து அவளுக்கே விலங்கு மாட்டுவது என்ன நியாயம் சார்? என் வீட்டுப் பெண்ணுக்கு அது மருத்துவம். அவளுக்குப் பணிவிடை செய்தவளுக்குக் குற்றமா?

ஜாமீன் கிடைக்கவில்லை. வேனில் ஏற்றும்போது ஷெஃபாலி தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. "துலிக்குக் காது வலின்னு மாலதி சொல்லி அனுப்பினா. டாக்டர்கிட்ட காட்டுங்க மாஷிமா" என்றாள்.

மாலதி என்பவள் ரயில்பாதை ஓரத்துக் குடிசைகளில் ஷெஃபாலிக்கு அடுத்த வீட்டுக்காரி. மகள் இப்போது அவளிடம்தான் இருக்கிறாள். போய்ப் பார்த்தால் குழந்தை உடம்பு அனலாகக் கொதிக்கிறது. காதிலிருந்து சீழ். "டாக்டரா? ஐயோ வேண்டாம் மாஷிமா! எங்க பொறந்தா, அம்மா எங்கேன்னு கேப்பாங்க" என்று மாலதி அலறினாள். அவளுக்கு நல்ல வார்த்தை சொல்லி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் குடும்ப டாக்டரிடம் ரிக்‌ஷாவில் கிளம்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வழியெல்லாம் மாலதி குழந்தையிடம் குசுகுசுவென்று ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். "டாக்டர் எது கேட்டாலும் இல்லைன்னு சொல்லணும், என்ன? உங்கம்மா சொன்னதாலதான் பிடிச்சுட்டுப் போனாங்க." வாயை மூடு என்று அதட்டத்தான் நினைத்தேன். எந்த முகத்தோடு அதட்டுவது? அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் உண்டா?

டாக்டர் தங்கமான மனுஷர். குழந்தையை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, "எங்கேம்மா வலிக்குது?" என்று கேட்டார்.

துலி மாலதியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

அவர் லேசாகக் காதைத் தொட்டதும் உடம்பே தூக்கிப் போட்டது. கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறாள் நாலு வயதுக் குழந்தை... வலிக்கவில்லையாம்!