மூன்றாவது தட்டு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் அன்றைக்கு அந்த ஹாலில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேர் காதிலும் அதே சத்தம்தான் விழுந்தது. அதனால் இது என் பிரமை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

என் பெயர் மோகனசுந்தரம். வேலந்தாவளத்துக்காரன். தென்னந்தோப்பு இருக்கிறது, அதுதான் பிழைப்பு. ஆனால் திருவிழா சீசன் வந்துவிட்டால் நான் ரெஸ்லர். ஆமாம், டிவியில் பார்ப்பீர்களே... கயிறு கட்டிய ரிங், முகமூடி, அலறல். அதேதான்.

சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் கேபிள் இருந்தது. ரெஸ்லிங் போட்டால் தெருவே அந்த வீட்டுக்குள் இருக்கும். வில்லன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தால் வள்ளியாத்தாள் அக்கா எழுந்து நின்றே விடுவார். "சாமீ, பொறத்தால வர்றானுங்க, திரும்பிப் பாருங்க!" என்று டிவியிடம் கத்துவார். எல்லாம் நடிப்பு என்று எவனாவது சொன்னால் அவனுக்கு அடி நிச்சயம்.

அப்படி ஒரு கூட்டத்தின் முன்னால் நிற்க வேண்டும் என்ற ஆசையில்தான் நானும் என் சிநேகிதன் கோகுல்நாத்தும் ஆட்டம் போட ஆரம்பித்தோம். நான் நல்லவன், கொங்குச் சிங்கம். அவன் முகமூடி வில்லன், கருநாகம். அவன் மனைவி செல்வப்பிரியா நடுவர்.

ஆனால் இப்போது யாரும் கத்துவதில்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். முதுகு ஒடிய விழுந்தாலும் ஒரு "ஐயோ" வராது.

போன டிசம்பரில் மலையில் சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் எங்களைக் கூப்பிட்டார்கள். அந்த எஸ்டேட் பெயர் வேண்டாம். கோயில் விழாவுக்கு ஷோ. இடம், ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்த தொழிலாளர் கிளப் ஹால். முந்தின நாளே ரிங்கைப் பிரித்து பிக்கப் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டோம்.

வாட்ச்மேன் நல்லமுத்து வாசலில் நின்றே சாவியை நீட்டினார். அறுபது வயதிருக்கும்.

"உள்ள வரலீங்களா?" என்றேன்.

"இல்லப்பா. நான் டீ வாங்கியாறேன்."

வேகமாகப் போய்விட்டார்.

ரிங்கை மாட்டி முடித்தபோது மணி நாலு. பகல்தான். ஆனால் மூடுபனி இறங்கி ஜன்னல்கள் எல்லாம் வெள்ளையாகிவிட்டன. மேலே தகரக் கூரை. ஹாலுக்குப் பின்னால் தேயிலைச் சரிவு. அதற்கும் கீழே பள்ளம்.

ஒத்திகை ஆரம்பித்தோம். ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எதிராளியை மல்லாக்கப் போட்டு அமுக்க வேண்டும். நடுவர் தரையில் மூன்று தட்டு தட்டுவார். மூன்றும் விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. இரண்டாவது தட்டில் கோகுல் தோளைத் தூக்கித் தப்பிக்க வேண்டும். அப்படித்தான் பேசி வைத்திருந்தோம்.

முதல் தடவை அவனைத் தூக்கிப் போட்டேன். பலகை அதிர்ந்தது.

யாரோ கை தட்டினார்கள்.

டப்... டப்... டப்...

"கூரையில தண்ணி சொட்டுதுங்ண்ணா" என்றாள் செல்வப்பிரியா.

சரி என்று தொடர்ந்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரு வாசனை. பீடி. அதோடு நனைந்த கம்பளி நாற்றம்.

கோகுல் முகமூடியைக் கழற்றித் துடைத்தான். அவன் விரலில் சிவப்பாக ஏதோ ஒட்டியது.

"ரத்தமா?"

அவன் முகர்ந்து பார்த்தான். "வெத்தல எச்சிடா..."

எங்கள் மூன்று பேருக்கும் வெற்றிலைப் பழக்கம் கிடையாது.

அப்போதுதான் கரண்டு போனது. பனி மூடிய ஜன்னல் வெளிச்சம் ஹாலின் மூலைகளுக்கு எட்டவில்லை.

"போதுங்ண்ணா. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள் செல்வப்பிரியா.

பதிலுக்கு இருட்டிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"விடாத ராசா! அவனப் போட்டு அமுக்கு!"

அது செல்வப்பிரியா இல்லை.

தொடர்ந்து ஒரு விசில். ஒரு ஆணின் சிரிப்பு. காலால் தரையை உதைக்கும் சத்தம். தட்... தட்... தட்... ஹால் முழுக்க ஆட்கள். கண்ணுக்கு ஒருத்தரும் இல்லை.

இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அந்த நிமிஷம் எனக்குப் பயமே வரவில்லை. உடம்பெல்லாம் புல்லரித்தது. நான் ஏங்கிய கூட்டம். தொண்டை கிழியக் கத்துகிற கூட்டம்! நான் கையைத் தூக்கினேன்.

அவர்கள் கத்தினார்கள்.

நான் கோகுலைப் பிடித்துச் சாய்த்து மேலே விழுந்தேன்.

"ஒண்ணு..."

எண்ணியது கூட்டம். நூறு கைகள் ஒரே நேரத்தில் பலகையை அறைந்த சத்தம்.

"ரெண்டு..."

கோகுல் தோளைத் தூக்கவில்லை.

"டேய், எந்திரி."

"முடியலடா... அமுக்காத..."

நான் அமுக்கவில்லை. என் முதுகில் பாரம். ஒரு ஆள், அதன் மேல் இன்னொரு ஆள் ஏறிப் படுப்பது போல... கூடிக்கொண்டே போனது. என்னாலும் எழ முடியவில்லை.

"ஒண்ணு..."

"ரெண்டு..."

மூன்று வரவில்லை.

மறுபடியும் முதலிலிருந்து. ஒண்ணு... ரெண்டு...

எனக்குக் கீழே கோகுலின் மூச்சு விட்டு விட்டு வந்தது. பிறகு... அதுவும் சரியாக வரவில்லை.

"ஏனுங்க! ஏனுங்க!" செல்வப்பிரியா அவன் கன்னத்தைத் தட்டினாள். என் தோளைப் பிடித்து இழுத்தாள். நான் அசையவில்லை.

"ஒண்ணு..."

"ரெண்டு..."

அவளுக்கு என்ன தோன்றியதோ. முட்டி போட்டுக் கையை ஓங்கினாள்.

"மூணு!"

பலகையில் ஓங்கி ஒரே அறை.

பாரம் விட்டது.

ஒரு பெரிய கத்தல் எழுந்தது. அத்தனை பேரும் சேர்ந்து. அது ஹாலுக்குள் நிற்கவில்லை. பின்சுவரைத் தாண்டி... சரிவில் இறங்கி... கீழே, இன்னும் கீழே போய்... தேய்ந்தது.

அப்புறம் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்தான்.

கோகுலை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினோம். அவனுக்கு மூச்சு திரும்பக் கொஞ்ச நேரம் ஆனது. வாசலில் நல்லமுத்து டீத் தூக்கோடு நின்றிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தார்.

"மூணு அடிச்சீகளா?"

"அடிச்சோமுங்க" என்றாள் செல்வப்பிரியா.

அவர் டீயை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ஷோவைக் கோயில் முன்னால் வெட்டவெளியில் போட்டோம். செல்வப்பிரியா தரையைத் தட்டவே இல்லை. விசில் ஊதித்தான் எண்ணினாள். இன்றுவரை அப்படித்தான்.

ஊருக்குக் கிளம்பும்போது நல்லமுத்து வேன் பக்கம் வந்தார். அவராகவே சொன்னார்.

"ரொம்ப வருசம் முந்தி இதே ஹால்ல குஸ்தி கம்பெனி வந்துச்சுப்பா. கடைசி ஆட்டம். ரெண்டு தட்டு விழுந்திருச்சு. கரண்டு போயிருச்சு. முடிவு தெரியாமலே மேல் டிவிசன் தோட்டத்துச் சனம் கொழுந்து ஏத்துற லாரியில ஏறுச்சு. வளைவுல எதுத்தாப்புல ஒரு ஜீப்பு. வழி விட லாரி ரிவர்சுல போகணும். மூடுபனியில டிரைவருக்கு ஒண்ணும் தெரியாது. கிளீனர் கீழ இறங்கி லாரிப் பலகையில தட்டுவான். தட்டுனா வரலாம். தட்டு நின்னா வண்டியும் நிக்கணும்."

"நின்னுச்சுங்களா?" என்றேன்.

"கிளீனர் நிப்பாட்டிட்டான். உள்ள இருந்த சனம் நிப்பாட்டல. ஆட்டத்த அதுகளே முடிச்சு வைக்குதுகளாம். பலகையில அடிச்சு அடிச்சு எண்ணுதுக. டிரைவர் அத என் தட்டுன்னு நெனச்சுட்டாரு."

கோகுல் மெதுவாகக் கேட்டான். "உங்க தட்டுங்களா?"

"நான்தான்ப்பா கிளீனர். மூணாவது தட்டுக்குப் பின்சக்கரம் ரோட்டுல இல்ல."

பனிக்குள் பள்ளத்தைப் பார்த்தார்.

"எல்லாரும் ஒண்ணாக் கத்துனாக. ஆட்டம் ஜெயிச்ச சந்தோசத்துல கத்துனாகளா, வண்டி விழுகுதுன்னு கத்துனாகளா... அது மட்டும் இன்னிய வரைக்கும் எனக்குத் தெரியலப்பா."